பணம் எந்தக் கணக்கில் இருந்தது?

பாரீசில் உறவினர் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு மினிதெல் என்ற பெயர் புதிதல்ல. தொலைபேசிக்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய பெட்டி. ஒரு சின்னத் திரை, மடித்து மூடக்கூடிய எழுத்துப் பலகை. தொலைபேசி எண் தேடலாம், ரயிலுக்கு இடம் பதிவு செய்யலாம், வங்கிக் கணக்கைப் பார்க்கலாம். 1980களில் விடுமுறைக்கு ஊர் வந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் சொன்னபோது, டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நாம் வாய் பிளந்து கேட்டோம். அந்தச் சேவை 2012 ஜூன் 30-ஆம் தேதி நிறுத்தப்பட்டது.

மினிதெல்லைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்த ஒரு கதையை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. 1970களில் பிரான்சில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க ஒரே சமயத்தில் இரண்டு முயற்சிகள் நடந்தன. இரண்டுக்கும் அரசு ஆதரவு இருந்தது. இரண்டிலும் கெட்டிக்காரப் பொறியாளர்கள் இருந்தார்கள். ஒன்றின் பெயர் சிக்லாத். மற்றொன்று திரான்ஸ்பாக். இன்று நம் கைப்பேசியில் ஓடும் இணையத்தின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று சிக்லாத்திலிருந்து போனது. ஆனால் பிரான்சில் பணமும் ஆளும் போய்ச் சேர்ந்த இடம் திரான்ஸ்பாக். சிக்லாத் 1981-இல் மூடப்பட்டது.

ஏன் அப்படி நடந்தது என்று பொறியாளரைக் கேட்டால் தொழில்நுட்பக் காரணம் சொல்வார். அரசியல் தெரிந்தவரைக் கேட்டால் ஆட்சி மாற்றத்தைச் சொல்வார். கணக்குப் பிரிவில் காலம் கழித்த என்னைப் போன்ற எழுத்தருக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் முதலில் தோன்றும். பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் இருந்தது? ஆட்கள் யாருடைய பட்டியலில் சம்பளம் வாங்கினார்கள்?

அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வரவுசெலவில் முன்பு திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்று இரண்டு வகை இருந்தது. 2017-18 முதல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. திட்டம் சாராத தலைப்பில் உள்ள நிரந்தரப் பணியிடத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திட்டத் தலைப்பில் உள்ள தற்காலிகப் பணியிடத்துக்கு ஆண்டுதோறும் நீட்டிப்பு ஆணை வர வேண்டும். ஆணை வரத் தாமதமானால் சம்பளப் பட்டியல் கருவூலத்திலிருந்து திரும்பி வரும். பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு முதல் தேதி சம்பளம், மற்றவருக்கு ஆணை வந்த பிறகு. இரண்டாமவர் எவ்வளவு திறமைசாலி என்பது பற்றி அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது.

சிக்லாத் அந்த இரண்டாவது மேசையில் இருந்த திட்டம்.

முதலில் நிரந்தர மேசையைப் பார்ப்போம். பிரான்சில் தபால், தந்தி, தொலைபேசி மூன்றும் சேர்ந்த துறைக்கு பே.தே.தே. என்று பெயர். நம் பழைய பி அண்ட் டி இலாகாவைப் போன்றது, ஆனால் அதைவிடப் பலம் வாய்ந்தது. 1923 முதல் அதன் வரவும் செலவும் பொதுக் கணக்கில் கலக்காமல் தனி இணைப்பு வரவுசெலவாக வைக்கப்பட்டன. தபால் தலை விற்ற காசும் தொலைபேசிக் கட்டணமும் அதற்குள்ளேயே வந்து சேர்ந்தன. 1944-இல் ஏற்பட்ட சொந்த ஆய்வுக்கூடம் இருந்தது. எக்கோல் போலிதெக்னிக்கில் படித்து முடித்த பொறியாளர்கள் அந்தத் துறையின் பணித்தொகுதியில் சேர்ந்து அங்கேயே படிப்படியாக உயர்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுமக்களுக்கான தொலைத்தொடர்புக் கம்பி நாடு முழுவதும் அதன் ஏகபோகம். யார் எந்தக் கணினியை எந்தக் கணினியோடு தொலைவில் இணைக்க நினைத்தாலும் பே.தே.தே.யின் கம்பி வழியாகத்தான் போக வேண்டும்.

இவ்வளவு பலம் இருந்தும் அந்தக் காலத்தில் பிரெஞ்சுத் தொலைபேசி சிரிப்புக்கு இடமாக இருந்தது. பெர்னான் ரெனோ என்ற நகைச்சுவை நடிகர் 1955-இல் ஒரு துணுக்கு நாடகம் செய்தார். பாரீசிலிருந்து பக்கத்தில் உள்ள அஸ்னியேருக்கு இணைப்புக் கிடைக்காமல் ஒருவர் தவிப்பார். கடைசியில் நியூயார்க்கைக் கேட்டு, அங்கிருந்து அஸ்னியேரைக் கேட்பார். பிரான்சின் பாதி மக்கள் தொலைபேசிக்குக் காத்திருக்கிறார்கள், மீதிப் பாதி டயல் சத்தத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பது அந்நாளில் எல்லோரும் சொன்ன பேச்சு. ஆகவே 1970கள் பிறந்தபோது பே.தே.தே.யின் முன்னால் இருந்த பெரிய வேலை கணினி அல்ல. வீட்டுக்கு வீடு தொலைபேசி கொடுப்பதுதான்.

இனி இரண்டாவது மேசை. 1964-இல் பிரெஞ்சுக் கணினி நிறுவனமான புல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கைக்குப் போயிற்று. அணு ஆய்வுக்குத் தேவையான பெரிய கணினியைத் தர அமெரிக்க அரசும் தடை போட்டது. தெ கோல் சும்மா இருப்பாரா? 1966-இல் பிளான் கால்கியுல் என்ற கணினித் திட்டம் பிறந்தது. அதிலிருந்து மூன்று அமைப்புகள் முளைத்தன. கணினி செய்ய செ.இ.இ. என்ற நிறுவனம், ஆராய்ச்சிக்கு இரியா என்ற கூடம், இவற்றை மேய்க்க கணினித் துறைப் பேராளர் அலுவலகம். இரியாவுக்கு இடம் கொடுத்தது வெர்சாய் அருகில் உள்ள ரோக்கான்கூரில். பேராளர் அலுவலகம் ஓர் அமைச்சகம் அல்ல. அதற்குக் கட்டணம் வசூலிக்கும் வழியில்லை, கம்பி இல்லை, சொந்தப் பொறியாளர் படை இல்லை. மேலே உள்ளவர்களின் விருப்பம் இருக்கும் வரை அதற்குப் பணம் உண்டு.

1968 முதல் அந்தப் பேராளராக இருந்தவர் மொரீஸ் அலேக்ர். அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பு 1969-இல் ஓடத் தொடங்கியதைக் கவனித்து, நமக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த வேலையை லூயி புஸேன் என்பவரிடம் கொடுத்தார். 1931-இல் பிறந்த புஸேன் போலிதெக்னிக்கில் படித்தவர், புல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சில ஆண்டுகள் இருந்தவர். கணினிக்குக் கட்டளை கொடுக்கும் பகுதிக்கு 'ஷெல்' என்று இன்றும் வழங்கும் பெயரை வைத்தவரும் அவரே.

சிக்லாத் 1972-இல் தொடங்கியது. கிரேக்கக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுக் கூட்டத்தின் பெயர் அது. தனித்தனியாகக் கிடக்கும் கணினிகளை இணைப்பதால் அந்தப் பெயர். புஸேனின் குழுவில் இரியாவைச் சேர்ந்தவர்கள் சிலர், செ.இ.இ.யிலிருந்து வந்தவர்கள் சிலர், பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆய்வு மையங்களிலிருந்தும் சேர்ந்தவர்கள் பலர். நம் அலுவலக மொழியில் சொன்னால் பாதிப் பேர் அயற்பணி. 1973 நவம்பரில் முதல் செயல்விளக்கம் நடந்தது. அதன் பிறகு பிரான்சின் பல ஊர்களில் உள்ள கணினிகள் சேர்ந்தன. இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும்கூட இணைப்புப் போயிற்று.

அந்த வலையில் செய்திகளைக் கடத்தும் உட்பகுதிக்கு 'சிகால்' என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் சில்வண்டு. ஒவ்வொரு கணினியிலும் ஒலிபெருக்கி வைத்து, செய்திப் பொட்டலம் ஒன்று கடக்கும்போதெல்லாம் அது சில்வண்டு போல் கிறீச்சிடும்படி செய்திருந்தார்களாம். என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் லா போந்தேன் 1668-இல் வெளியிட்ட நீதிக் கதைகளில் முதல் கதை நினைவுக்கு வரும். கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒப்பித்த கதை. கோடை முழுதும் பாடிவிட்டுக் குளிர்காலத்தில் எறும்பிடம் கடன் கேட்டுப் போன சில்வண்டு. பெயர் வைத்தவர்கள் ஓசைக்காகத்தான் வைத்தார்கள். ஆனாலும் பின்னால் நடந்ததைப் படிக்கும்போது அந்தக் கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு முயற்சிகளுக்கும் உள்ள தொழில்நுட்ப வேறுபாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடினமில்லை. தபால் அட்டையும் டிரங்க் காலும் தெரிந்தால் போதும்.

இரண்டு முறையிலும் நீண்ட செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புவார்கள். சிக்லாத்தில் ஒவ்வொரு பொட்டலமும் தனி அட்டை. பத்துப் பக்கக் கடிதத்தைப் பத்து அட்டையில் எழுதி, எல்லாவற்றிலும் விலாசம் எழுதிப் பெட்டியில் போடுவது போல. ஒன்று விழுப்புரம் வழியாகப் போகலாம், ஒன்று திண்டிவனம் வழியாகப் போகலாம். மூன்றாவது அட்டை முதலில் வரலாம், ஏழாவது தொலைந்தே போகலாம். வரிசைப்படுத்துவதும், வராததை மறுபடி கேட்டு வாங்குவதும் பெறுகிற வீட்டுக்காரர் வேலை. தபால்காரருக்கு அந்தக் கவலை இல்லை. இந்த முறைக்கு டேட்டாகிராம் என்று பெயர்.

பே.தே.தே.யின் முறை டிரங்க் கால் போன்றது. பேசும் முன்பே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு வழி குறிக்கப்படும். எல்லாப் பொட்டலமும் அந்த வழியில், அதே வரிசையில் போகும். ஒன்று தவறினால் இலாகாவே பொறுப்பு. இதற்கு மெய்நிகர் சுற்று என்று பெயர். ரெமி தெப்ரே என்ற பொறியாளரின் தலைமையில் பே.தே.தே. இதை உருவாக்கிச் சோதித்தது. 1976-இல் இந்த முறை எக்ஸ்.25 என்ற பெயரில் உலகத் தொலைபேசி இலாகாக்களின் பொது விதியாக ஏற்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்லாத் முறையில் புத்தி இருப்பது ஓரங்களில், அதாவது கணினிகளில். கணினி யாருடையது? செ.இ.இ. போன்ற நிறுவனங்கள் செய்தது, பல்கலைக்கழகங்கள் வைத்திருப்பது. பே.தே.தே. முறையில் புத்தி இருப்பது நடுவில், வலையில். வலை யாருடையது? பே.தே.தே.யுடையது. கணினித் துறையை வளர்க்கப் பிறந்த அலுவலகம் கணினிக்குப் பொறுப்புத் தரும் முறையைத் தேர்ந்தது. கம்பிக்குச் சொந்தமான இலாகா கம்பிக்குப் பொறுப்புத் தரும் முறையைத் தேர்ந்தது. வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியதும், மாதம் முடிந்தால் ரசீது அனுப்ப வேண்டியதும் இலாகாதானே? பொட்டலம் எங்கேயோ தொலைந்தது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

புஸேன் இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1976-இல் அவர் படித்த கட்டுரையின் தலைப்பிலேயே, மெய்நிகர் சுற்றா டேட்டாகிராமா என்பது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமல்ல, அரசியல் சிக்கலும்கூட என்று குறிப்பிட்டிருந்தார். அமைப்பு முறை பணத்தை மட்டும் பங்கிடுவதில்லை. எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்பதையும் அதுவே வரைந்து கொடுத்துவிடுகிறது.

1974-இல் ஜிஸ்கார் தெஸ்தேன் குடியரசுத் தலைவரானார். அதே ஆண்டில் பேராளர் அலுவலகம் கலைக்கப்பட்டது. அலேக்ர் போனார். ஒரு கையெழுத்தில் சிக்லாத்தின் தகப்பன் வீடு இல்லாமல் போயிற்று.

அடுத்த அடி செ.இ.இ. பக்கமிருந்து விழுந்தது. செ.இ.இ., ஜெர்மனியின் சீமென்ஸ், ஹாலந்தின் பிலிப்ஸ் மூன்றும் சேர்ந்து யூனிடாட்டா என்ற ஐரோப்பியக் கூட்டணி 1973-இல் அமைத்திருந்தன. செ.இ.இ.யின் பங்குதாரர்களில் ஒன்று செ.ஜெ.இ. என்ற மின்சாரப் பெருநிறுவனம். அது தொலைபேசி இணைப்பகக் கருவிகளும் செய்து வந்தது. பே.தே.தே. அதற்குப் பெரிய வாடிக்கையாளர். அதன் தலைவர் அம்புருவாஸ் ரூ யூனிடாட்டாவை எதிர்த்தார். 1975-இல் அரசு யூனிடாட்டாவைக் கைவிட்டு, செ.இ.இ.யை அமெரிக்கத் தொடர்புள்ள ஹனிவெல்-புல்லோடு இணைக்க முடிவு செய்தது. சிக்லாத்துக்குத் தொழில் பக்கமிருந்த துணையும் போயிற்று. மிச்சம் இருந்தது இரியா மட்டும். இரியாவுக்கே நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலை.

அதே 1974-இல் பே.தே.தே.யில் தொலைத்தொடர்புப் பிரிவின் தலைவராக ஜெரார் தேரி வந்தார். தொலைபேசிப் பஞ்சத்தை ஒழிப்பது நாட்டின் முதல் வேலை என்று அரசு ஏற்றுக்கொண்டது. பணம் வெள்ளமாக வந்தது. 1970களின் நடுவில் 70 லட்சம் அளவில் இருந்த இணைப்புகள் 1980களின் தொடக்கத்தில் 2 கோடி அளவுக்கு உயர்ந்தன. இவ்வளவு பெரிய ஆற்றில் திரான்ஸ்பாக்குக்கு வேண்டிய தண்ணீர் ஒரு கால்வாய் அளவுதான். அதற்கு யாரிடமும் தனியாகக் கையேந்த வேண்டியதில்லை. 1978 டிசம்பரில் திரான்ஸ்பாக் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே காலத்தில் சிக்லாத்தின் நிதி வற்றிப்போயிற்று. வேலை செய்துகொண்டிருந்த வலையமைப்பு, நன்றாக ஓடியும், ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல் நின்றது.

இதைச் சதி என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த மோசமான மனிதரும் இல்லாமலே இது நடந்திருக்கும். பே.தே.தே. அதிகாரி தன் இலாகாவின் பணத்தைத் தன் இலாகாவின் திட்டத்துக்குச் செலவிட்டார். அடுத்த இலாகாவின் திட்டம் மேலானது என்று எழுதி அதற்குப் பணம் மாற்றும் அதிகாரியை உங்கள் பணிக்காலத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

திரான்ஸ்பாக்கை மட்டம் தட்டுவதும் நியாயமல்ல. அதன் கட்டணம் தூரத்தைப் பொறுத்ததல்ல. அனுப்பிய அளவைப் பொறுத்தது. பிரெஸ்ட் துறைமுகத்தில் உள்ள வங்கிக் கிளையும் பாரீஸ் நடுவில் உள்ள கிளையும் ஒரே விலை கொடுத்தன. ஆய்வுக்கூடத்துச் சிக்லாத் அப்படி ஒரு பொறுப்பை ஏற்றிருக்கவே முடியாது. மினிதெல் வந்தது திரான்ஸ்பாக்கின் முதுகில் ஏறித்தான். 1980-இல் சேன்-மாலோ ஊரில் மின்னணுத் தொலைபேசிக் கையேடு சோதிக்கப்பட்டது. 1981-இல் வெலிஸியில் வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு பெட்டியை இலவசமாகவே கொடுத்தார்கள். அச்சடித்த கையேட்டுச் செலவு மிச்சம் என்பது இலாகாவின் கணக்கு. சந்தாதாரர் பட்டியல், ரசீது, கம்பி, கருவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான் அப்படி ஒரு கணக்குப் போட முடிந்தது. 1985 ஜூனில் கூட்டம் தாங்காமல் திரான்ஸ்பாக் ஒருமுறை படுத்தேவிட்டது. அவ்வளவு வரவேற்பு.

ஆனால் அதே கூரை பின்னால் பாரமும் ஆயிற்று. 1990களில் மற்ற நாடுகள் இணையத்துக்குப் போனபோது, பிரான்சில் மினிதெல் நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. வருமானம் தரும் கணக்கை யார் மூடுவார்? 1997 ஆகஸ்டில் பிரதமர் லியோனேல் ஜோஸ்பேன் ஊர்த்தேன் என்ற ஊரில் பேசும்போது, மினிதெல் புதிய தொழில்நுட்பத்துக்குத் தடையாகிவிடும் ஆபத்து இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருந்தது.

சிக்லாத்தின் கருத்து வெளிநாட்டில் பிழைத்தது. புஸேன் குழுவைச் சேர்ந்த ஜெரார் லெ லான் 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் விண்டன் செர்ஃபோடு வேலை செய்தார். செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் வெளியிட்ட முறைதான் இன்றைய இணையத்தின் அடித்தளம். ஓரத்தில் உள்ள கணினியே வரிசைக்கும் இழப்புக்கும் பொறுப்பு என்ற சிக்லாத் பாடம் அதில் இருக்கிறது. 1983 ஜனவரி 1-ஆம் தேதி ஆர்ப்பாநெட் முழுதும் அந்த முறைக்கு மாறியது.

அமெரிக்காவில் மட்டும் அது எப்படி நிலைத்தது? அங்கேயும் தொலைபேசிக் கம்பி ஏ.டி. அண்ட் டி. என்ற ஒரே பெரிய நிறுவனத்தின் பிடியில்தான் பெரும்பாலும் இருந்தது. ஆனால் ஆர்ப்பா அலுவலகம் அந்த நிறுவனத்தின் கீழ் இல்லை. பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்தது. கம்பியை வாடகைக்கு எடுக்கக் கையில் காசு இருந்தது. 1966-இல் ஆர்ப்பாவின் கணினிப் பிரிவுத் தலைவர் ராபர்ட் டெய்லர், இயக்குநர் சார்லஸ் ஹெர்ஸ்பெல்டின் அறைக்குப் போய் 20 நிமிடத்தில் 10 லட்சம் டாலருக்கு ஒப்புதல் வாங்கி வந்ததாகப் பின்னாளில் சொன்னார். நம் அலுவலகங்களில் 20 நிமிடத்தில் ஒரு கோப்பு ஒரு மேசையைக்கூடத் தாண்டாது.

இங்கிலாந்தின் கதை பிரான்சை ஒத்தது. டொனால்ட் டேவிஸ் என்பவர் 1960களின் நடுவிலேயே பொட்டல முறையைத் தனியாகக் கண்டறிந்தார். 'பாக்கெட்' என்ற பெயரை வைத்தவரே அவர். நாடு முழுவதற்கும் வலை போட வேண்டும் என்று முன்மொழிந்தார். ஆனால் அவர் இருந்தது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில். கம்பி இருந்தது தபால் இலாகாவில். ஆகவே அவருடைய வலை டெடிங்டனில் உள்ள ஆய்வுக்கூட வளாகத்துக்குள்ளேயே நின்றது. ஒரே கருத்து மூன்று நாட்டில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இருந்தது. பணப்பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

இதெல்லாம் பழைய கதை, அரசு இலாகா கதை, இன்றைய தனியார் கம்பெனிகளுக்கு இது பொருந்தாது என்று நினைக்கலாம். சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "பெரியப்பா, எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். ப்ராஜெக்ட் என் பேர்ல இருக்கு. வேலை செய்யற ஆளுங்க வேற மேனேஜர் பேர்ல இருக்காங்க. அவர் கூப்பிட்டா அவங்க போயிடுவாங்க," என்றான்.

அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். நிறுவனங்களில் மூன்று விதமான அமைப்பு உண்டு. முதலாவது, தொழில் வாரியாகப் பிரிவுகள். மென்பொருள் எழுதுவோர் ஒரு பிரிவு, சோதிப்போர் ஒரு பிரிவு, விற்போர் ஒரு பிரிவு. ஆளும் பணமும் பிரிவுத் தலைவரிடம். இதில் அறிவு ஆழப்படும், ஆனால் எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாத புது வேலை அநாதையாகும். இரண்டாவது, திட்ட வாரியாக. ஆளும் பணமும் திட்டத் தலைவரிடமே. வேகம் வரும், ஆனால் திட்டம் முடிந்த அன்று எல்லோரும் தெருவில். மூன்றாவது, மேட்ரிக்ஸ் என்பது. 1960களில் அமெரிக்க விண்வெளி, விமான நிறுவனங்களில் வளர்ந்த முறை. ஓர் ஆளுக்கு இரண்டு மேலாளர்கள். வேலை கேட்பவர் ஒருவர், பதவி உயர்வு கொடுப்பவர் இன்னொருவர். இழுபறி வந்தால் ஆள் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

புஸேன் இருந்தது இந்த மூன்றாவது நிலையில். வேலை அவருடையது. ஆட்கள் இரியாவுக்கும் செ.இ.இ.க்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சொந்தம். பணம் பேராளருக்குச் சொந்தம். கம்பி பே.தே.தே.க்குச் சொந்தம். ஆறு ஏழு ஆண்டுகள் அதை இழுத்துக்கொண்டு போனதே பெரிய காரியம்.

ஆகவே வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் புதுத் திட்டம் ஒன்றில் சேரும்போது அது எவ்வளவு நவீனமானது என்று மட்டும் பார்க்க வேண்டாம். இதன் பணம் எந்தப் பிரிவின் கணக்கில் இருக்கிறது, இதைத் தொடங்கியவர் நாளை மாறிப்போனால் அந்தக் கணக்கு நிற்குமா, இதில் உள்ளவர்களுக்குத் திரும்பிப் போகச் சொந்த இடம் உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். நல்ல திட்டத்துக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. அது வளர்ந்த பிறகு யார் வீட்டில் இருக்கும் என்பதைத் தொடங்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். அலேக்ர் பணம் கொடுத்தார். பே.தே.தே.யோடு சேர்த்து ஒரு நிரந்தர வீடு கட்டிக் கொடுக்க அவரால் முடியவில்லை, அல்லது காலம் கிடைக்கவில்லை.

2013-இல் இங்கிலாந்து அரசியின் பெயரால் பொறியியலுக்கு 10 லட்சம் பவுண்டு பரிசு முதல் முறையாக வழங்கப்பட்டது. இணையத்தையும் வலைத்தளத்தையும் உருவாக்கியதற்காக ஐவர் பகிர்ந்துகொண்டார்கள். கான், செர்ஃப், டிம் பெர்னர்ஸ்-லீ, மார்க் ஆண்ட்ரீசன் ஆகியோரோடு ஐந்தாவதாக லூயி புஸேன். அப்போது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது. மினிதெல் நிறுத்தப்பட்டு ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

பாரீசில் இருந்தபோது மினிதெல்லைப் பயன்படுத்தியவர்களும், பே.தே.தே.யில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களும் இதைப் படித்தால் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அந்தப் பெட்டி இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். வந்து பார்க்க ஆசை.